வேலை செய்யாத கவுன்சிலரை மக்களே பாதியில் திரும்ப அழைக்க முடியுமா?

“ஓட்டுப் போட்டது நாங்கதானே, அஞ்சு வருஷம் முடியுறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்ப முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் முடியாது. தண்டையார்பேட்டை டீக்கடையில் யாராவது ‘ஆயிரம் கையெழுத்து வாங்கி கலெக்டர்கிட்ட கொடுத்தா ஆள் காலி’ என்றால் நம்பாதீர்கள். நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் வாக்காளருக்கு அந்த உரிமை இல்லை. நீக்கும் அதிகாரம் அரசிடம்: நோட்டீஸ், விளக்கம், உத்தரவு. 2025 மார்ச்சில் சென்னை மாநகராட்சிக் கவுன்சிலர்களையும் சேர்த்து நான்கு பேரை அப்படி நீக்கினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. இதில் எங்குமே நம்மைக் கேட்க மாட்டார்கள்.

மக்களே ஓட்டுப் போட்டுப் பாதியில் திரும்ப அழைக்கும் முறை மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. அதுவும் கவுன்சிலருக்கு இல்லை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த நகராட்சித் தலைவருக்கு. பதவியேற்றுக் கொஞ்ச காலம் அவரைத் தொட முடியாது. பிறகு கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டு கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் சரிபார்த்து அனுப்பினால் ஊர் வாக்காளர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு. சின்னம் இரண்டே: காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலி. காலி நாற்காலி ஜெயித்தால் தலைவர் வீட்டுக்கு. 2001-ல் அனூப்பூரில் முதல் தடவையாக அப்படி ஒருவர் பதவியிழந்தார். 2008-ல் சத்தீஸ்கரிலும் மூன்று ஊர்களில் நடந்தது.

கவனித்தீர்களா, ஆரம்பிக்கிறவர்கள் கவுன்சிலர்கள். தலைவரோடு அவர்களுக்கு மனஸ்தாபம் வந்தால்தான் நம் கைக்கு ஓட்டுச்சீட்டு வரும். என் குடிதண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்பதற்காக யாரும் முக்கால்வாசிக் கையெழுத்து திரட்டப் போவதில்லை. அதனால் இந்தச் சட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மயக்கம் கிடையாது.

நம் ஊரில் மேயரைத் தேர்ந்தெடுப்பதே கவுன்சிலர்கள்தான். நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அவர்கள் பாடு. 2024 ஜூலையில் காஞ்சிபுரம் மேயர் மேல் அப்படி ஒன்று கொண்டுவந்தார்கள். ஓட்டெடுப்பு அன்று ஒரு கவுன்சிலரும் வரவில்லை!

உங்கள் கையில் இருப்பது பகுதி சபை, அதாவது வார்டுக்குள் பகுதி வாரியாக நடக்கும் மக்கள் கூட்டம். அந்தப் பகுதி வாக்காளர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. எங்கள் கொருக்குப்பேட்டைப் பக்கம் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. போய்ப் பேசுங்கள், பேசியதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கூடவே மண்டல அலுவலகத்துக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு: வார்டு மேம்பாட்டு நிதியில் எந்தத் தெருவில் என்ன வேலை, எவ்வளவு பில், எந்த ஒப்பந்ததாரர். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.