ஜியாமெட்ரி பெட்டியில் அரை மாத்திரை

கேள்வி: எனக்கு இருபது ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி; என் அம்மாவுக்கும் உண்டு. இப்போது பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கும் அதே வலி, அதே வாந்தி. ஓராண்டாக வாரத்தில் மூன்று நாளாவது வந்துவிடுகிறது. என்னுடைய எர்கோட்டமின் மாத்திரையைப் பாதியாக வெட்டி, காகிதத்தில் மடித்து, ஜியாமெட்ரி பெட்டியில் வைத்து அனுப்புவதால் பள்ளிக்கு மட்டம் போடுவதில்லை. "உன் வழியில் வந்த சீர்" என்று மாமியார் குத்திக் காட்டுகிறார். என் கணவருக்குத் தலைவலியே வந்ததில்லை. மரபணுப் பரிசோதனை செய்தால் உண்மை தெரியுமா?

பதில்: உங்கள் வழியிலும் வந்திருக்கலாம், இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றப் போவதில்லை. இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருகிறது என்பதை இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நகையைப் போல ஒரே ஒரு மரபணு தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறுவதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடைய 123 மரபணு இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது, அவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்பவை. பருவமடைந்த பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வரும் நோய் இது என்பதால், உங்கள் கணவருக்கு வலி வந்ததில்லை என்பது அவர் வழியில் எதுவும் வரவில்லை என்பதற்குச் சான்றாகாது. இதை மாமியாரிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். பெற்ற மகளின் நோயை மனைவியின் குற்றமாகத் தன் தாய் பேசும்போது வாய்மூடி இருப்பது தகப்பனுக்கு அழகல்ல.

பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஒற்றை மரபணுவால் வரும் வகை அரிது. அதில் வலியோடு உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும். அதற்கான முதல் மரபணு 1996-இல் 19-ஆம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. உங்கள் மகளுக்குக் கை கால் தளர்ந்ததாக நீங்கள் எழுதவில்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த அரை மாத்திரைக்கு வருகிறேன். வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 12 நாள். எர்கோட்டமினை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டால், அந்த மாத்திரையே தலைவலியைப் பெருக்கத் தொடங்கிவிடும். நீங்கள் ஓராண்டாகக் கொடுத்து வருகிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் வலி என்பதில் எவ்வளவு பரம்பரை, எவ்வளவு அந்தக் காகிதப் பொட்டலம் என்று உங்களால் சொல்ல முடியுமா? அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. நாளை தொண்டை வலிக்கென்று மருத்துவர் எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ எழுதிக் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து கை கால்களுக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே தடுக்கக்கூடும். பெட்டிக்குள் இருப்பதை அந்த மருத்துவரிடம் யார் சொல்வார்கள்? உங்களுக்கு எழுதித் தந்த மருந்தை, பதினாறு வயதுப் பெண்ணுக்கு, எந்த மருத்துவரையும் கேட்காமல் நீங்கள் வெட்டிக் கொடுக்கிறீர்கள். பள்ளி வருகைப் பதிவேட்டுக்காகப் பிள்ளையின் உடம்பைப் பணயம் வைப்பதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வீடுகளில் பெண்கள் வலியை விழுங்கிக்கொண்டு அடுப்படியில் நின்றது போதும். அந்தப் பழக்கத்தை அவளுக்கும் பழக்காதீர்கள்.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலி வந்த தேதி, தூங்கிய நேரம், காலைச் சாப்பாட்டைத் தவிர்த்த நாள், மாதவிடாய் நாள், மாத்திரை போட்ட நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவளையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு இருந்தது, உங்களுக்கு இருப்பது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். நோயை இனம்காண மருத்துவருக்கு இந்தக் குடும்ப வரலாறு பெரிதும் உதவும். மாத்திரையை நிறுத்தியதும் சில நாட்கள் வலி கூடும், அப்போது அவளுக்கு விடுப்பு எடுத்துக் கொடுங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். இருபது ஆண்டுகளாக அதையே விழுங்கும் நீங்களும் உங்கள் பெயரில் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.