காணியை ஈடு வைக்க வேண்டாம், அம்மா

மானிப்பாயிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள், யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைக்கும் போலிருக்கிறது. கனடாவிலிருக்கும் மாமாவோ கொழும்பில் காசு கட்டி மென்பொருள் படிக்கட்டும் என்கிறாராம். அதற்குக் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். கட்டணமில்லாத அரச இடம் கையில் வரும்போது எதற்குக் கடன்? வட்டி கட்டப்போவது நீங்கள், மாமா இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: கரண்ட் நின்றால் நல்ல வெயிலிலும் கூரைச் சோலர் ஏன் நிற்கிறது என்று மகள் துருவித் துருவிக் கேட்கிறாள். அந்தக் கேள்விக்குள் ஒரு தொழிலே இருக்கிறது.

எங்கள் மின்கட்டமைப்பின் மீடிறன், அதாவது மின் அலை ஒரு விநாடியில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பது, 50 ஹேர்ட்ஸ். ஒரு மின் நிலையம் திடீரென நின்றுபோனால், மற்ற நிலையங்களில் சுழலும் கனத்த மின்பிறப்பாக்கிகளின் சடத்துவம்தான் (சுழல்வதைச் சட்டென்று விடாத தன்மை) மீடிறன் சட்டென்று சரியாமல் சில விநாடி தாங்குகிறது. சோலரில் சுழல எதுவும் இல்லை. சோலர் தரும் நேர்மின்னை வீட்டுக்கேற்ற ஆடலோட்ட மின்னாக மாற்றும் கருவி இன்வேட்டர்; அது கட்டமைப்பின் மின் அலையைப் பின்தொடர்கிறது. அலை போனால் தானும் நிற்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுதும் கரண்ட் போனபோது எல்லாரும் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் கோளாறுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட குரங்கைப் பற்றியே பேசினார்கள். அன்று பகல் சோலரின் பங்கு கூடி, சுழலும் இயந்திரங்கள் குறைந்திருந்ததுதான் பெரிய விஷயம்.

இதற்கு மருந்து, பற்றரியோடு சேர்ந்து அலையைத் தானே உருவாக்கும் இன்வேட்டர். மீடிறன் இறங்கினால் உடனே மின்னைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். அவுஸ்திரேலியாவின் ஹோர்ன்ஸ்டேல் பற்றரி நிலையம் 2022 முதல் கட்டமைப்புக்குச் சடத்துவச் சேவையே வழங்குகிறது. எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நான்கும் சேர்ந்த சிறு கட்டமைப்பு இருக்கிறது. மகளை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரில் மின், இலத்திரனியல் துறையை அவள் எடுக்கட்டும். இன்வேட்டர் போன்ற கருவிகளைப் பற்றிய வலு இலத்திரனியலையும், அவற்றை நிலையாக இயக்கக் கற்றுத்தரும் கட்டுப்பாட்டுப் பாடத்தையும் விடவே கூடாது. கணிதம் கடினம்தான், அதை மறைக்க மாட்டேன். இன்வேட்டர் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் சிப்பில் எழுதும் நிரல்தான் தீர்மானிக்கிறது, ஆகவே மென்பொருளும் இதற்குள் வருகிறது. மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைக்கு மின்வேலை சரிவருமா என்று சொந்தக்காரர் கேட்பார்கள். அவர்களிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. மகளிடம் மட்டும் கேளுங்கள். அவளே மென்பொருள்தான் வேண்டும் என்றால் சரி, அரச பல்கலைக்கழகங்களில் அதற்கும் இடமுண்டு; அப்போதும் காணியில் கை வைக்காதீர்கள்.