சட்டைப் பொத்தானைக் கழற்றுங்கள் தம்பி: அப்பாவின் மார்பும் குழந்தைக்கு மருந்துதான்

கேள்வி: டாக்டர், எங்கள் முதல் குழந்தை 33 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,600 கிராம். மனைவிக்கு பிரஷர் கட்டுப்படாமல் போனதால் அவசரமாக சிசேரியன் செய்தார்கள். அவள் இன்னும் ஐசியுவில்தான் இருக்கிறாள். பையன் வேறு மாடியில் குழந்தைகள் பிரிவில் இருக்கிறான். மூக்கில் ஆக்சிஜன் குழாய், பாலுக்கு ஒரு குழாய். நேற்று அங்கிருந்த நர்ஸ் அக்கா என்னைச் சட்டையைக் கழற்றிவிட்டு குழந்தையை மார்பில் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் லேத் பட்டறையில் வேலை செய்பவன், கையெல்லாம் காய்ப்பு. "பொம்பளை செய்ய வேண்டியது, உன் உடம்புச் சூடு பிள்ளைக்கு ஆகாது, கிருமி ஒட்டிக்கும்" என்று அம்மா தடுக்கிறார். நானும் பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செய்யலாமா?

பதில்: செய்யலாம் தம்பி. செய்ய வேண்டும். இன்றைக்கே அந்த நர்ஸிடம் போய், "நேற்று பயந்துவிட்டேன், இப்போது சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாரே, அவருக்கு என் வணக்கம்.

அம்மாவின் பயம் இயல்பானது. ஆனால் 1,600 கிராம் குழந்தைக்குச் சூட்டை விடக் குளிர்தான் பெரிய எதிரி. அவன் தோலுக்கு அடியில் கொழுப்பு அதிகம் கிடையாது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். அதை ஈடுகட்ட, வளர்வதற்கு வைத்திருக்கும் சக்தியை எல்லாம் எரிக்கிறான். சர்க்கரை இறங்குகிறது, மூச்சு தடுமாறுகிறது. அவன் உடம்பு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஆரோக்கியமான ஒரு மனிதரின் வெறும் மார்போடு ஒட்டி வைத்தால் அந்தச் சூட்டிலேயே அவனை வைத்திருக்க முடியும். அது ஆண் மார்பா பெண் மார்பா என்பது குளிரும் பிள்ளைக்கு இரண்டாம் பட்சம். உங்கள் மூச்சு ஏறி இறங்குவதையும் இதயத் துடிப்பையும் உணர்ந்தபடி கிடக்கும்போது அவன் துடிப்பும் மூச்சும் சீராவதை மானிட்டரிலேயே பார்க்கலாம்.

இதற்கு கங்காரு பராமரிப்பு என்று பெயர். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1978-ல் எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர் தொடங்கியது. அங்கே இன்குபேட்டர், அதாவது பிள்ளையைச் சூடாக வைக்கும் பெட்டி, பற்றாக்குறை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட வேண்டிய நிலை, அதனால் தொற்றும் பரவியது. பிள்ளைகளை அம்மாக்களின் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். அன்று வேறு வழியில்லாமல் செய்ததுதான் இன்று எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைகளிலும் சிகிச்சையாகிவிட்டது.

வெகுகாலம் வரை டாக்டர்களான எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது: குழந்தை நன்றாகத் தேறட்டும், அப்புறம் மார்பில் போடக் கொடுக்கலாம். 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அதை மாற்றியது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா என ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகள் அதில் இருந்தார்கள். தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஓர் இடம். தேறும்வரை காத்திருந்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு 15.7. பிறந்ததுமே மார்பில் போட்ட பிரிவில் 12. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இந்த எண்களை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சிக் காலத்தில், அம்மாவுக்கு ஒரு நொடி முகத்தைக் காட்டிவிட்டு நானே வார்மருக்கு, அதாவது சூடு தரும் படுக்கைக்கு, தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆக்சிஜன் குழாய், பால் குழாய், கையில் ட்ரிப் ஊசி, எதுவும் தடை இல்லை. தானாக மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டரில் இருந்தாலோ, ரத்த ஓட்டம் குலைந்து ஷாக் நிலையில் இருந்தாலோதான் காத்திருக்க வேண்டும். உங்கள் மகன் அப்படி இல்லை. அப்படி இருந்தால் நர்ஸ் உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.

கிருமியைப் பற்றி அம்மா சொன்னதை ஒதுக்க வேண்டாம், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பட்டறையிலிருந்து நேராகப் போகாதீர்கள். குளித்து, நகம் வெட்டி, துவைத்த முன்பொத்தான் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். பவுடர், சென்ட் வேண்டாம். மோதிரம், வாட்ச், கைக்கயிறு கழற்றிவிடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இதோடு விடுங்கள். அந்த வாடை உடம்பில் ஒட்டியிருப்பதுகூட அவன் நுரையீரலுக்கு ஆகாது. சளி, காய்ச்சல், மார்பில் புண், சொறி இருந்தால் அன்றைக்கு நீங்கள் வேண்டாம், பாட்டி செய்யட்டும். ஆமாம், உங்கள் அம்மாவும் செய்யலாம்! அவரையும் அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ப்பு கையைப் பற்றிக் கவலையே வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும். அவன் படுக்கப்போவது மார்பில்தானே.

குழந்தைக்கு டயாப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். குழாய்கள் இருப்பதால் தூக்கி வைப்பதை நர்ஸே செய்வார். நீங்கள் கொஞ்சம் சாய்ந்த மாதிரி உட்கார வேண்டும். அவன் உங்கள் மார்பில் நிமிர்ந்தபடி, கைகால் மடங்கி, தவளை போல ஒட்டிக்கொண்டிருப்பான். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இதில் மட்டும் மிகவும் கவனம்: கழுத்து முன்னால் மடங்கக் கூடாது, மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். மேலே ஒரு துணியால் இறுக்கிக் கட்டுவார்கள், அதன் மேல்விளிம்பு காதுக்குக் கீழே வரும். தூக்கம் சொக்கினால் நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். உதடு நீலமானாலோ, துவண்டாலோ, மூச்சு நின்றதுபோல் தோன்றினாலோ உடனே கூப்பிடுங்கள்.

ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்து வைத்தால் அவன் தூக்கம்தான் கெடும். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை என்று பரிந்துரைத்தது. ஒரே ஆளால் முடியாது, அதனால்தான் பாட்டியையும் சேர்க்கச் சொல்கிறேன்.

உங்கள் மனைவியை மறந்துவிடாதீர்கள். அப்பாவின் மார்பு தராத ஒன்று அவரிடம் இருக்கிறது, பால். ஐசியு டாக்டரிடம் கேட்டு, அவர் உடம்பு இடம் கொடுத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முதலில் சில சொட்டுகள்தான் வரும், அதுவும் அவனுக்குப் பெரிய மருந்து. மார்பில் பிள்ளை படுத்திருப்பதை போனில் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள். பிரஷர் கட்டுக்குள் வந்ததும் சக்கர நாற்காலியில் கூட்டிவரச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் கேட்டால்தான் நடக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் தொடருங்கள். கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ எடை வரும்போது அவனே காலை உதைத்து, கையை வெளியே இழுத்து, கட்டிலிருந்து நழுவப் பார்ப்பான். அப்போது இறக்கிவிடலாம்.