கணினிக் கேள்வி பதில்: ஸ்டாட்டிக் தளத்தில் சூழல் மாறிகள்

கேள்வி: ஸ்டாட்டிக் தளங்களை, அதாவது ஆயத்தக் கோப்புகளாக மட்டும் இருக்கும் தளங்களை, உருவாக்கும் ஹியூகோ என்ற கருவியில் செய்த எங்கள் நூலகத் தளத்தில் ஒரு தொடர்புப் படிவம் இருக்கிறது. அதை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையில் உள்ளது. மின்னஞ்சல் சேவையின் முகவரியும், அதைப் பயன்படுத்த அனுமதி தரும் ரகசியக் குறியீடான ஏபிஐ சாவியும் அந்தக் கோப்பிலேயே எழுதப்பட்டிருந்தன. மூலநிரல் கிட்ஹப்பில் யாரும் பார்க்கக்கூடிய களஞ்சியத்தில் இருப்பதால், இரண்டையும் சூழல் மாறிகளாக வைத்துவிட்டு, கோப்பில் ‘ப்ராசஸ் டாட் என்வ்’ என்று எழுதினேன். உலாவியில் திறந்தால் ‘ப்ராசஸ்’ வரையறுக்கப்படவில்லை என்ற பிழைதான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ‘ப்ராசஸ்’ என்பது, உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் தரும் பொருள்; உலாவியில் அது கிடையாது. சூழல் மாறி என்பது, 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலிருந்தே, ஒரு நிரல் தொடங்கும்போது அதனிடம் ஒப்படைக்கப்படும் பெயரும் மதிப்பும்தான். உங்கள் தளத்தில் அப்படி ஒப்படைப்பதற்கு இருக்கும் நிரல் ஹியூகோ ஒன்றே; அதுவும் பில்ட், அதாவது மூலக் கோப்புகளிலிருந்து தளத்தை உருவாக்கும் வேலை, நடக்கும் நேரத்தில் மட்டுமே ஓடுகிறது. பில்ட் முடிந்தபின் சர்வரில் இருப்பவை வெறும் கோப்புகள் என்பதால், அவற்றை இறக்கிக்கொண்டு வேறெங்கோ ஒரு கணினியில் ஓட்டும் உலாவிக்கு உங்கள் மாறிகளை எட்டிப் பார்க்க வழியே இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் தளங்களை பில்ட் செய்யும் வீட் (Vite) போன்ற கருவிகளில் இது வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பில்ட் நடக்கும்போது, கருவியின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட மாறிகளை மட்டும் தேடி, அவை வரும் இடங்களில் மதிப்பை அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஹியூகோவோ ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையில் இருப்பதைத் தொடாமல் நகல் மட்டும் எடுக்கிறது. ஆகவே கோப்பை ‘அசெட்ஸ்’ கோப்புறைக்கு மாற்றி, பக்கங்களின் அமைப்பைச் சொல்லும் வார்ப்புருவிலிருந்து, ஜாவாஸ்கிரிப்டைத் தொகுக்கும் ‘ஜேஎஸ் டாட் பில்ட்’ வழியாக அதைச் செலுத்த வேண்டும். வார்ப்புருவில் ‘கெட்என்வ்’ செயற்கூற்றால் மாறியைப் படித்து, ‘பராம்ஸ்’ என்ற பகுதியில் வைத்து அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்டில் அதை இறக்குமதி செய்துகொள்ளலாம். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 2021 டிசம்பரில் வந்த 0.91 பதிப்பு முதல், ‘ஹியூகோ’ என்ற சொல்லும் அடிக்கோடும் முன்னால் வரும் பெயர்களையும் ‘சிஐ’ என்ற ஒரு பெயரையும் மட்டுமே ‘கெட்என்வ்’ இயல்பாகப் படிக்கும். வேறு பெயர் வைத்தால் அனுமதி இல்லை என்று சொல்லி பில்ட் நின்றுவிடும். கட்டமைப்புக் கோப்பின் பாதுகாப்புப் பகுதியில் பெயரைச் சேர்க்கலாம் என்றாலும், மாறியின் பெயரை மாற்றிவிடுவதே எளிது.

சேவையின் முகவரிக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றே சொல்வேன். உங்கள் கணினியில் ஒரு முகவரி, தளத்தில் வேறொரு முகவரி என்பதுதான் நோக்கம் என்றால், ‘கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘டெவலப்மென்ட்’, ‘ப்ரொடக்‌ஷன்’ என்று இரண்டு உட்கோப்புறைகள் வைத்தால் போதும். ‘ஹியூகோ சர்வர்’ கட்டளை முதலாவதையும், வெறும் ‘ஹியூகோ’ கட்டளை இரண்டாவதையும் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

சாவியின் கதை வேறு. மேலே சொன்ன வழியில் சாவியைக் கொடுத்தாலும், பில்ட் முடிந்ததும் அது ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் எழுத்து மாறாமல் உட்கார்ந்திருக்கும். எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, படிவத்தை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். கோரிக்கையின் தலைப்பு வரிகளில் உங்கள் சாவி முழுதாகத் தெரியும். அதை எடுத்து யாரும் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப முடியும். கூகுள் மேப்ஸ் சாவியையோ பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப்பின் வெளியிடத்தக்க சாவியையோ உலாவியில் வைப்பது வழக்கம்தான். முன்னதை உங்கள் தள முகவரிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தலாம், பின்னது வெளியே தெரிவதற்காகவே தரப்படுவது. மின்னஞ்சல் அனுப்பும் சாவி அந்த வகையில் சேராது.

எனவே சாவியை வைத்துக்கொள்ள சர்வரில் ஓடும் சிறு நிரல் ஒன்று வேண்டும். கிட்ஹப் பேஜஸில் அத்தகைய நிரல் ஓடாது. நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் போன்ற தளம் வழங்கும் சேவைகளில் ‘ஃபங்ஷன்’ என்ற பெயரில் அந்த வசதி உண்டு. படிவம் அந்த ஃபங்ஷனுக்குச் செய்தியை அனுப்பட்டும். ஃபங்ஷன் தன் சூழல் மாறியிலிருந்து சாவியை எடுத்து மின்னஞ்சல் சேவையை அழைக்கட்டும். பெறுநரின் முகவரியை ஃபங்ஷனுக்குள்ளேயே நிலையாக எழுதிவிடுங்கள். அதையும் படிவத்திலிருந்து வாங்கினால், சாவி இல்லாமலேயே யாரும் யாருக்கும் உங்கள் வழியாக மின்னஞ்சல் அனுப்பிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றே பழைய சாவியை ரத்து செய்து புதியதை வாங்குங்கள். கோப்பிலிருந்து அழித்திருந்தாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கிறது.

கேள்வி: ஸ்டாட்டிக் தளத்தை வழங்கும் நிறுவனத்தின் பக்கத்தில் சூழல் மாறியின் மதிப்பை மாற்றி நெடுநேரம் ஆகியும், தளத்தில் பழைய மதிப்பே வருகிறதே, ஏன்?

பதில்: பழைய மதிப்பு முந்தைய பில்ட்டிலேயே கோப்புகளுக்குள் எழுதப்பட்டுவிட்டது. மறுபடியும் ஒரு பில்ட்டை ஓட்டினால்தான் புதியது வரும். அதன் பிறகும் மாறவில்லை என்றால், கோப்பின் பழைய நகலை உலாவி தேக்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஹியூகோவின் ‘ஃபிங்கர்பிரின்ட்’ வசதியைப் பயன்படுத்தினால், உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் கோப்பின் பெயரும் மாறிவிடும் என்பதால் இந்தத் தொல்லை இருக்காது.