மகள் குடியிருக்க ஐ.ஆர்.ஏ. பணத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலை, வயது 47. பழைய கம்பெனியின் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 2,10,000 டாலர் கிடக்கிறது. அதை ‘செல்ஃப் டைரக்டட் ஐ.ஆர்.ஏ.’வுக்கு (முதலீட்டை நாமே தேர்ந்தெடுக்கும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றி, மகள் படிக்கும் பல்கலைக்கழகம் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்கிறார் நண்பர். மகள் தோழிகளோடு ஊர் வாடகை கொடுத்தே இருப்பாள். பாத்ரூம் டைல்ஸ் வேலையை நானே பார்த்துக்கொள்வேன். மீதிக்குத் தங்கக் காசு வாங்கி வீட்டு லாக்கரில் வைக்கலாம் என்கிறார் மனைவி. இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. ஐ.ஆர்.ஏ. பணத்தில் வீடு, நிலம், தனியார் கம்பெனிப் பங்கு எல்லாம் வாங்கலாம். ஆனால் அந்த வீடு உங்களுடையது அல்ல, கணக்கினுடையது. இதை மறந்துதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வரிச் சட்டத்தின் 4975ஆம் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: நீங்கள், மனைவி, உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமகன், மருமகள். இவர்கள் யாரும் கணக்கின் சொத்தை அனுபவிக்கக்கூடாது. மகள் ஊர் வாடகைக்கு மேல் 100 டாலர் கூட்டிக் கொடுத்தாலும் தவறுதான். வேடிக்கை என்னவென்றால், கூடப்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் தம்பி குடியிருக்கலாம், மகள் கூடாது. (தம்பி பெயரில் ஒப்பந்தம் போட்டு மகளை உள்ளே வைக்கும் யோசனை வந்தால், இப்போதே விட்டுவிடுங்கள்.)

டைல்ஸும் அப்படித்தான்; நீங்களும் பட்டியலில் இருப்பதால் அந்த வேலையை நீங்களே செய்யக்கூடாது. குழாய்க்கு வாஷர் மாற்றுவதென்றாலும் பிளம்பரைக் கூப்பிட்டு, பில்லைக் கணக்கிலிருந்து கட்டச் சொல்வதே பாதுகாப்பு. சொத்து வரியும் இன்ஷூரன்ஸும் கணக்கிலிருந்தே போக வேண்டும். நியூ ஜெர்சியின் சொத்து வரி உங்களுக்குத் தெரியாததா! கணக்கில் ரொக்கம் தீர்ந்தால் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட முடியாது; வருடத்துக்கு இவ்வளவுதான் சேர்க்கலாம் என்று வரம்பு உண்டு, 50 வயதுக்குக் குறைவானவருக்கு 2025இல் அது 7,000 டாலராக இருந்தது. விலைக்குப் பணம் குறைந்து கடன் வாங்கினால், அதற்கு நீங்கள் சொந்த ஜாமீன் போடுவதும் கூடாது.

மீறினால் அந்த வாடகைக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். அந்த வருடம் ஜனவரி 1 முதல் கணக்கே ஐ.ஆர்.ஏ. அல்லாததாகிவிடும். அதில் உள்ள முழு மதிப்பும் உங்கள் கைக்கு வந்த வருமானமாகக் கொள்ளப்படும். 59½ வயது ஆகாததால் மேலே 10 சதவீத அபராத வரி, அதாவது 21,000 டாலர் வேறு.

தங்கம்: நகை கூடவே கூடாது. அமெரிக்க அரசு வெளியிடும் அமெரிக்கன் ஈகிள் காசு வாங்கலாம், ஆனால் வீட்டு லாக்கர் வேண்டாம். அப்படி வைத்த ஒரு தம்பதிக்கு, காசின் விலை முழுவதும் வருமானமே என்று 2021 நவம்பரில் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு இருக்க வேண்டிய இடம், உங்கள் ஐ.ஆர்.ஏ. கணக்கை நிர்வகிக்கும் பொறுப்பாளர் நிறுவனத்தின் பெட்டகம். அந்த நிறுவனம் நீங்கள் செய்யும் முதலீடு நல்லதா கெட்டதா என்றெல்லாம் பார்த்துச் சொல்லாது. சொன்ன இடத்துக்குப் பணம் அனுப்பும், அவ்வளவே.

மகளுக்கு வீடுதான் வேண்டுமென்றால் வேறு வழி பாருங்கள். இப்போதைய கம்பெனியின் 401(கே) திட்டம் பழைய பணத்தைச் சேர்த்துக்கொள்ளுமா, கடன் தருமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். தந்தால், பொதுவாக உங்கள் இருப்பில் பாதி அல்லது 50,000 டாலர், இதில் எது குறைவோ அதுவரை எடுக்கலாம். 5 வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். அதை முன்பணமாக்கி, மீதிக்கு வங்கிக் கடன் போட்டு உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். அந்த வீட்டில் டைல்ஸை நீங்களே ஒட்டலாம். பழைய கணக்கை மாற்றும்போது செக்கை உங்கள் பெயரில் மட்டும் வாங்காதீர்கள். 20 சதவீதம் வரிக்குப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். திட்டத்திலிருந்து திட்டத்துக்கு நேராகப் போகட்டும்.