வைரஸ் போய்விட்டது, ஸ்கேன் இன்னும் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டார். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் ரத்தத்தில் வைரஸ் இல்லை. ஃபைப்ரோஸ்கேன் அளவும் 18-லிருந்து 9-க்கு இறங்கிவிட்டது. அப்படியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். புற்றுநோய் வர இன்னும் வாய்ப்பு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது. மாத்திரை முடித்து 12 வாரத்துக்குப் பிறகும் வைரஸ் இல்லையென்றால் தொற்று குணமானது என்றே அர்த்தம். அப்படிக் குணமானவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைகிறது. இந்த மாத்திரையே புற்றுநோயைத் தூண்டுகிறது என்று 2016-ல் ஒரு பயம் கிளம்பியது. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 18. பொதுவாக 12.5-ஐத் தாண்டினாலே சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, என்று எடுத்துக்கொள்வோம். ஃபைப்ரோஸ்கேன் கருவி அளப்பது கல்லீரலின் விறைப்பை. தழும்பாலும் விறைக்கும், அழற்சி வீக்கத்தாலும் விறைக்கும். வைரஸ் போனதும் வீக்கம் சட்டென்று வடிந்துவிடும், எண்ணும் இறங்கிவிடும். தழும்பு அத்தனை சீக்கிரம் கரையாது. வருடக்கணக்கில் அடிபட்டு அடிபட்டு வளர்ந்த செல்களும் அங்கேயேதான் இருக்கின்றன. அதனால் சிகிச்சைக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைத் தொலைத்துவிடாதீர்கள். சிரோசிஸ் இருந்தவர்களில், குணமான பிறகும், வருடத்துக்கு நூற்றில் ஒருவர் இருவருக்குப் புற்றுநோய் வருகிறது.

ஆரம்பத்தில் வலியே இருக்காது. கல்லீரல் கட்டி சுரக்கும் புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது, சிறிய கட்டி இருக்கும்போது அது பெரும்பாலும் நார்மலாகவே வரும். இரண்டு சென்டிமீட்டரில் கண்டுபிடித்தால் ஊசி வழியாகச் சுட்டே அழித்துவிடலாம். வளர்ந்துவிட்டால் வழிகள் குறைந்துகொண்டே போகும். ஆறு மாதக் கணக்கு இதற்காகத்தான். நன்றாக இருக்கிறாரே என்று ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள், சிரோசிஸ் இருந்ததை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லுங்கள்.

மது ஒரு சொட்டுகூட வேண்டாம். சர்க்கரையும் எடையும் கட்டுப்பாட்டில் இருக்கட்டும், இரண்டுமே இந்த அபாயத்தைக் கூட்டும்.

அப்புறம் ஒன்று. வேறு ஏதாவது ஆபரேஷனுக்குப் போனால் 'ஹெச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ்) பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வரும். பதறாதீர்கள். அது வைரஸை எதிர்க்க உடல் அப்போது உண்டாக்கிய பழைய எதிர்ப்பொருள், பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். வைரஸ் திரும்ப வந்ததா என்று தெரிய, வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் பார்க்க வேண்டும்.