பிசிஆர் பிளேட்டின் ஓரக் குழிகளில் மட்டும் சிடி தள்ளிப் போவது

ரீஏஜென்ட்டை (வினைக்கான ரசாயனங்களை) மாற்றாதீர்கள். ரியல்-டைம் பிசிஆரில் (டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் சோதனை) பிளேட்டின் நடுவில் ஒழுங்காக வந்து ஓரக் குழிகளில் மட்டும் சிடி (சிக்னல் தெரிய ஆரம்பிக்கும் சுழற்சி எண்) 2 தள்ளிப் போகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஓரத்தில் பிளேட்டை மூடும் சீல் சரியாக ஒட்டாமல் கலவை ஆவியாவதுதான். 2 சுழற்சி சும்மா இல்லை, ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரட்டிப்பாவதால் கிட்டத்தட்ட 4 மடங்கு வித்தியாசம்.

96 குழியிலும் ஒரே கலவை, ஒரே டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) போட்டு ஓட்டுங்கள். முடிந்ததும் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் அளவு குறைந்திருந்தால் சீலையும் மெஷினின் மூடிச் சூட்டையும் கவனியுங்கள், பொதுவாக 105 டிகிரி வைப்பார்கள். அளவு குறையாமலே தள்ளிப் போனால் குழிகளைச் சூடாக்கும் பிளாக் மேல்தான் சந்தேகம், சர்வீஸ் ஆளை வரவழைத்து வெப்பமானி புரோப் வைத்துக் குழி குழியாக வெப்பத்தை அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மதுரை வெயிலில் மதியம் ஏசியை நிறுத்துகிற அறை என்றால் மெஷினின் காற்றுத் துவாரத் தூசியையும் எடுத்துவிடுங்கள்.

சரியாகும்வரை ஓரக் குழிகளில் நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகள் எதையும் வைக்க வேண்டாம்.